சென்னை சென்ட்ரலில் வண்டி மாறுவது எப்படி: விரைவு ரயில், மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ, பஸ்

சென்ட்ரல் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இடத்தில் உண்மையில் ஐந்து நிலையங்கள் இருக்கின்றன. கடிகாரக் கோபுரம் உள்ள சிவப்புக் கட்டடம் வெளியூர் விரைவு ரயில்களுக்கு மட்டும். அதற்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே மூர் மார்க்கெட் வளாகம். ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கத்து மின்சார ரயில்கள் அங்கிருந்து கிளம்பும். பெரியார் ஈ.வெ.ரா. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் தாம்பரம், செங்கல்பட்டு மின்சார ரயில்களுக்கான பூங்கா நிலையம். அதை ஒட்டியே வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கான பூங்கா நகர் நிலையம். இவை எல்லாவற்றுக்கும் கீழே மெட்ரோ. பஸ் நிறுத்தங்கள் சாலையின் இரு பக்கமும் இருக்கின்றன.

இங்கே வண்டியைத் தவறவிடுகிறவர்களில் பெரும்பாலானோர் சரியான நேரத்துக்கு வந்து தவறான நிலையத்தில் நிற்பவர்கள். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம், இந்த ஐந்தில் எது உங்களுடையது என்பதுதான்.

ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வழி மறக்காது. 1873-இல் திறந்த சென்ட்ரல், மதராஸ் ரயில்வே என்ற கம்பெனியின் அகலப்பாதை நிலையம். கடற்கரையிலிருந்து எழும்பூர் வழியாகத் தாம்பரம் போகும் பாதையோ தென்னிந்திய ரயில்வே என்ற வேறொரு கம்பெனியின் மீட்டர் பாதை. அதில் 1931-இலேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு கம்பெனி, இரண்டு அளவுத் தண்டவாளம், நடுவே ஒரு பெரிய சாலை. கம்பெனிகளும் மீட்டர் பாதையும் போய்விட்டன. சாலையின் இரு கரையிலும் நிலையங்கள் அப்படியே நின்றுவிட்டன. 1985-இல் பழைய மூர் மார்க்கெட் தீக்கிரையான பிறகு அந்த இடத்தில் புறநகர் ரயில் வளாகம் எழுந்தது. 1995-இல் பறக்கும் ரயில் வந்தது. 2018 மே மாதம் பச்சை வழித்தட மெட்ரோவும், 2019 பிப்ரவரியில் நீல வழித்தடமும் சென்ட்ரலைத் தொட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. மெட்ரோவின் சுரங்க நடைபாதைகள் வந்த பிறகு இவற்றுக்கு நடுவே வெயில் படாமல் நடக்க இன்னொரு வழி கிடைத்தது.

எந்த ஊருக்கு எந்த நிலையம்

அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி. வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை: இவை மூர் மார்க்கெட் வளாகம். பிரதான கட்டடத்திலிருந்து சாலையைப் பார்த்து வெளியே வந்தால் வலது கைப்பக்கம். சாலையைக் கடக்கவே வேண்டாம்.

எழும்பூர், மாம்பலம், கிண்டி, பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு: பூங்கா நிலையம். சாலைக்கு எதிர்ப்பக்கம்.

சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி, வேளச்சேரி: பூங்கா நகர் நிலையம். அதுவும் எதிர்ப்பக்கம், பூங்கா நிலையத்துக்குப் பக்கத்தில்.

பூங்கா, பூங்கா நகர் என்ற இந்த இரண்டு பெயர்கள் செய்யும் குழப்பம் கொஞ்சமில்லை. செயலியில் டிக்கெட் எடுக்கும்போது பெயரைப் பாதி தட்டியதுமே முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பூங்காவின் குறியீடு எம்.பி.கே.; பூங்கா நகருக்கு அதோடு ஒரு டி. சேர்ந்து எம்.பி.கே.டி. தாம்பரத்துக்கு முன்னது, வேளச்சேரிக்குப் பின்னது.

மதுரை, திருச்சி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகும் ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ புறப்படுபவை. சென்ட்ரலிலிருந்து கிளம்புபவை கோவை, சேலம், கேரளம், பெங்களூரு, மும்பை, ஹைதராபாத், டெல்லி, கொல்கத்தா பக்கத்து ரயில்கள். இதை மனப்பாடமாக நம்பிவிடாதீர்கள். நிலையப் பணிகளுக்காகப் புறப்படும் இடத்தை மாற்றுவது சென்னையில் அடிக்கடி நடக்கிறது. டிக்கெட்டில் ஏறும் நிலையத்தின் குறியீட்டைப் பாருங்கள். எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர், டி.பி.எம். என்றால் தாம்பரம், பி.இ.ஆர். என்றால் பெரம்பூர். எம்.ஏ.எஸ்.ஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தால் ரயிலை விட்டவர்கள் ஏராளம். சில நெடுந்தூர ரயில்கள் சென்ட்ரலுக்குள் வராமல் பெரம்பூரில் நின்றுவிட்டுப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிக்கெட்

எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் கிடைக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி அதற்குத்தான். மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் சேர்த்து வழி பார்த்து, க்யூ.ஆர். டிக்கெட் எடுக்கலாம். சிங்காரச் சென்னை என்ற பயண அட்டை மெட்ரோவிலும் மாநகர பஸ்ஸிலும் செல்லும். புறநகர் ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் செல்லாது. ரயில்வேக்கு மட்டும் டிக்கெட் என்றால் ரயில்ஒன் செயலி.

செயலியில் ரயில் டிக்கெட் எடுப்பதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். காகிதமில்லா டிக்கெட்டை நிலைய வளாகத்துக்கு உள்ளே நின்றுகொண்டு எடுக்க முடியாது. இருப்பிடத்தைப் பார்த்து மறுத்துவிடும். டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் அவசரமாக எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. விரைவு ரயிலில் வந்து இறங்கி, சென்ட்ரலுக்குள்ளேயே நின்று பூங்கா–தாம்பரம் டிக்கெட்டுக்குப் போராடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். உள்ளே வந்துவிட்டால் நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். தாளைச் செயலியில் ஸ்கேன் செய்து எடுக்கலாம், அல்லது தானியங்கி இயந்திரத்தில் எடுக்கலாம். புறநகர் டிக்கெட்டை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையில் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு மதியம் ஏறினால் அது டிக்கெட் இல்லாத பயணம்தான்.

உங்கள் விரைவு ரயில் டிக்கெட் சென்ட்ரலோடு முடிந்துவிடுகிறது. ‘கையில் ஏ.சி. டிக்கெட் இருக்கிறதே’ என்று பூங்காவிலிருந்து எழும்பூருக்கு அதே டிக்கெட்டில் ஏறினால் அபராதம் உண்டு: குறைந்தபட்சம் 250 ரூபாய், அதோடு பயணக் கட்டணம். எழும்பூருக்குப் புது டிக்கெட் எடுக்க 5 ரூபாய்தான் ஆகும்.

மின்சார ரயிலில் இன்னும் இரண்டு கண்ணிகள். முதல் வகுப்புப் பெட்டி வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணப் பெட்டி போலவே இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள், வாசல் பக்கத்து எழுத்தைப் பார்த்து ஏறுங்கள். இரண்டாவது, 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் ஓடும் ஏ.சி. மின்சார ரயில். அதற்குத் தனி டிக்கெட், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். கதவு தானாக மூடிக்கொள்ளும் வண்டி என்பதால், ஏறிய பிறகு தவறு தெரிந்தாலும் குதித்து இறங்க முடியாது. பூங்காவில் நிற்கும்போது வருவது ஏ.சி. வண்டியா என்று முகப்பையும் மூடிய கதவுகளையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மெட்ரோவில் கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. அட்டை, செல்போன் க்யூ.ஆர். இரண்டுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. கவுன்ட்டரில் வாங்கும் காகித டிக்கெட்டுக்கு இல்லை. தள்ளுபடியை விடப் பெரிய லாபம் கவுன்ட்டர் வரிசையில் நிற்காமல் போவது. காலையில் விரைவு ரயில்கள் அடுத்தடுத்து வந்து சேரும் நேரத்தில் அந்த வரிசை நீண்டுவிடும்.

மாநகர பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய். மகளிருக்கு அந்த வண்டிகளில் கட்டணமில்லை, டிக்கெட் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சொகுசு, ஏ.சி. வண்டிகளில் இந்தச் சலுகை கிடையாது.

விரைவு ரயிலிலிருந்து இறங்கியதும்

சென்ட்ரல் ஒரு முட்டுமுனை நிலையம். எல்லாத் தண்டவாளமும் கூடத்தின் முன் வந்து முடிகிறது. அதனால் ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போக மேம்பாலம் ஏற வேண்டியதில்லை, கூடத்துக்கு வந்து பக்கவாட்டில் நடந்தால் போதும். சக்கரம் வைத்த பெட்டிக்கு இது நல்ல நிலையம்.

தூரம்தான் சிக்கல். ஒரு பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். 24 பெட்டி உள்ள ரயிலில் கடைசிப் பெட்டியிலிருந்து கூடத்துக்கு வரவே அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ரயில் நின்ற ஐந்தாவது நிமிடம் மெட்ரோவில் இருக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் மறப்பது இதைத்தான். உங்கள் பெட்டி கூடத்துக்குப் பக்கமா, கடைசியா என்று செயலியில் பெட்டி வரிசையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் கூட இருந்தால் பேட்டரி கார் கேளுங்கள். போர்ட்டரிடம் சுமை தருவதானால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புறப்படும்போதும் இதே கணக்குதான்: நடைமேடையை எட்டிவிட்டோம் என்று நிம்மதியடைந்த பிறகும் பெட்டிக்குப் போக எட்டு, பத்து நிமிடம் ஆகலாம்.

கூடத்திலிருந்து மற்ற இடங்களுக்கு, ஒரு கைப்பெட்டியோடு சாதாரணமாக நடக்கிறவருக்கு ஆகும் நேரம்: மூர் மார்க்கெட் வளாகத்துக்கு 5 நிமிடம். மெட்ரோ நடைமேடைக்குப் பரிசோதனையையும் சேர்த்து 10 நிமிடம். பூங்காவுக்கு 10 நிமிடம். பூங்கா நகருக்கு 12 முதல் 15 நிமிடம். குழந்தை, மூட்டை, முழங்கால் வலி எதுவாவது இருந்தால் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நகரம் சுற்றிவிட்டு இரவு ரயில் பிடிப்பவர்கள் பெட்டியைச் சென்ட்ரல் க்ளோக் ரூமில் வைத்துவிட்டுப் போகலாம். பயணச்சீட்டைக் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும். பூட்டில்லாத பைகளை வாங்க மாட்டார்கள்; நிலையத்து வாசலில் பூட்டு வாங்கும் விலைக்கு வீட்டிலிருந்தே ஒன்று எடுத்து வரலாம்.

சாலையைக் கடப்பது

சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ஜி.எச்.சுக்கும் நிலையத்துக்கும் நடுவே ஓடுவது நகரத்தின் மிக நெரிசலான சாலைகளில் ஒன்று. மேலே கடக்க நினைக்கவே வேண்டாம். தடுப்புச்சுவரைத் தாண்டிக் குதிப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். அவர்கள் மிச்சப்படுத்துவது இரண்டு நிமிடம்.

கீழே இரண்டு வழிகள். ஒன்று பழைய சுரங்கப்பாதை. இருபுறமும் படிகள், உள்ளே கடைகள், எப்போதும் கூட்டம். கையில் சின்னப் பை மட்டும் என்றால் இதுதான் வேகமான வழி. இன்னொன்று மெட்ரோ நிலையத்தின் தரைகீழ்த் தளம். மெட்ரோ டிக்கெட் இல்லாமலே அந்தத் தளத்தின் வெளிப்பகுதியில் நடக்கலாம். டிக்கெட் கேட்பது தானியங்கிக் கதவைத் தாண்டும் இடத்தில்தான். ஒரு வாயிலில் இறங்கி எதிர்ப்பக்கத்து வாயிலில் ஏறினால் சாலையைக் கடந்தாயிற்று. லிஃப்டும் நகரும் படிகளும் இருப்பதால் சக்கர நாற்காலி, கைக்குழந்தை, கனத்த பெட்டி எதுவானாலும் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறோம்.

மெட்ரோ தளத்தில் வழி தவறுவது சுலபம். அது பெரிய தளம், வாயில்கள் பல. எழுத்தையும் எண்ணையும் நம்பி நடப்பதை விட, தலைக்கு மேல் தொங்கும் பலகையில் நீங்கள் போக வேண்டிய இடத்தின் பெயரைத் தேடுங்கள்: புறநகர் ரயில், பூங்கா, பூங்கா நகர், அரசுப் பொது மருத்துவமனை, ரிப்பன் மாளிகை என்று தனித்தனியாக எழுதியிருக்கும். பெயர் கண்ணில் படாவிட்டால் நடப்பதை நிறுத்தி ஊழியரிடம் கேளுங்கள். தவறான வாயிலில் மேலே ஏறி, மறுபடி இறங்கி, சரியானதைத் தேடுவதில் பத்து நிமிடம் போய்விடும்.

இரவு மெட்ரோ சேவை முடிந்ததும் அந்த வாயில்களை மூடிவிடுவார்கள். அதன் பிறகு பூங்காவுக்குப் போகப் பழைய சுரங்கப்பாதைதான்.

மெட்ரோவில் எந்தத் தளம்

சென்ட்ரலில் இரண்டு வழித்தடங்கள், வெவ்வேறு ஆழத்தில். நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து உயர்நீதிமன்றம், சென்ட்ரல், ஆயிரம் விளக்கு, சைதாப்பேட்டை, கிண்டி வழியாக விமான நிலையம் போகிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், கீழ்ப்பாக்கம், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலை போகிறது.

விமான நிலையத்துக்கு நீல வழித்தடம். ஏறக்குறைய 40 நிமிடம். இங்கே கவனம் வேண்டும்: பச்சைத் தடத்திலும் விமான நிலையம் என்று பலகை போட்ட வண்டிகள் கோயம்பேடு வழியாகச் செல்வதுண்டு. போய்ச் சேரும், ஆனால் நகரத்தை மேற்கே சுற்றிப் போகும். விமானம் பிடிக்கிற அவசரத்தில் முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டு, வடபழனியில் நேரத்தைப் பார்த்துப் பதறுவார்கள். அறிவிப்பில் கோயம்பேடு வழி என்று சொன்னால் அதை விட்டுவிட்டு நீலத் தளத்துக்கு மாறுங்கள்.

கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் பச்சைத் தடம். ஆனால் கோயம்பேடு என்ற மெட்ரோ நிலையத்தில் இறங்காதீர்கள். பஸ் நிலையத்துக்கு அதற்கடுத்த புறநகர் பேருந்து நிலையம் என்ற நிறுத்தம். அங்கிருந்து பஸ் நிலையத்துக்குள் நடந்தே போய்விடலாம்.

மெட்ரோவில் பைகளைக் கருவியில் சோதிப்பார்கள். கேஸ் அடுப்பு, அரிவாள், பெரிய சாக்கு மூட்டை போன்றவற்றோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து தேங்காய் மூட்டை கொண்டு வந்திருந்தால் மின்சார ரயிலோ ஆட்டோவோதான்.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ரயில் பிடிக்க

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் கோட்டைவிடுவதும் இதில்தான். மும்பையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, அதே நாள் மதுரைக்குப் போகிறவர்களின் வழி இது.

மூன்று வழிகள் உண்டு. மெட்ரோவில் பச்சைத் தடம் ஏறினால் அடுத்த நிலையமே எழும்பூர். பூங்காவிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில் ஏறினாலும் அடுத்த நிலையம் எழும்பூர். மூன்றாவது, முன்பணம் கட்டும் கவுன்ட்டரில் ஆட்டோ. எங்கள் தேர்வு பகலில் மெட்ரோ: பூங்காவில் படி ஏறி இறங்கும் வேலை இல்லை, நெரிசல் குறைவு. நாலு பேர் குடும்பம், ஆளுக்கொரு பெட்டி என்றால் ஆட்டோ அல்லது டாக்ஸி. பெட்டிகளோடு நாலு பேரை மெட்ரோவில் ஏற்றி இறக்குவதில் மிச்சமாகும் காசு மனுஷரின் களைப்புக்கு ஈடாகாது.

எந்த வழியில் போனாலும் இரண்டு ரயில்களுக்கு நடுவே இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பயண நேரம் சில நிமிடம்தானே என்று தோன்றும். சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்தி வைக்கப்படுவது வழக்கம். மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் தடங்கள் அங்கேதான் குவிகின்றன, பெட்டிகளைக் கழுவிப் பராமரிக்கும் பணிமனைகளும் அங்கேதான். முட்டுமுனை நிலையம் என்பதால் ஒரு வண்டி பின்னோக்கி வெளியேறினால்தான் இன்னொன்று அந்த நடைமேடைக்குள் வரமுடியும். சென்ட்ரல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பத்து, இருபது நிமிடம் நிற்க நேரும். அவசரத்தில் அங்கே தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். பக்கத்துத் தடங்களில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சென்ட்ரலுக்கு வராமலே மாற முடியுமானால்

வண்டி மாறுவதற்குச் சென்ட்ரலை விட வசதியான நிலையங்கள் நகரத்தில் உண்டு. எல்லோரும் சென்ட்ரலுக்கே வந்துவிடுவது பழக்கத்தால்தான்.

தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் போக மெட்ரோ மாற வேண்டுமானால் எழும்பூரிலேயே மாறுங்கள். வடபழனி, கோயம்பேடு என்றால் பரங்கிமலையில். நந்தனம், தேனாம்பேட்டை என்றால் கிண்டியில். விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது.

அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் மேற்கிலிருந்து வரும் விரைவு ரயிலில் சென்ட்ரல் வரை வந்து அதே பாதையில் திரும்பிப் போவது வீண். உங்கள் ரயில் பெரம்பூரிலோ திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ நின்றால் அங்கேயே இறங்கி மின்சார ரயில் ஏறுங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்கள் தாம்பரத்திலோ மாம்பலத்திலோ இறங்கலாம்.

ஆவடி பக்கத்திலிருந்து மயிலாப்பூர், வேளச்சேரி போகிறவர்களுக்கு இன்னொரு வசதி: அந்தத் தடத்து மின்சார ரயில்கள் எல்லாமே மூர் மார்க்கெட்டுக்கு வருவதில்லை. சில, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும். அவற்றில் சில அப்படியே பறக்கும் ரயில் பாதையில் ஏறி வேளச்சேரி வரை போகும். அதில் உட்கார்ந்துவிட்டால் மாறவே தேவையில்லை. இதையே திருப்பிப் பார்த்தால் கண்ணி: சென்ட்ரலில் இறங்க வேண்டியவர் கடற்கரை வண்டியில் ஏறிவிட்டால் சென்ட்ரல் வராது. பெட்டியின் முகப்புப் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் கடற்கரையில் இறங்கி, தாம்பரம் வண்டியில் ஏறி, கோட்டைக்கு அடுத்த பூங்காவில் இறங்குங்கள்.

பஸ்

சாலையில் இடதுபக்கம் ஓடுவதால் கணக்கு எளிது. கிழக்கே பாரிமுனை பக்கம் போகும் பஸ்கள் நிலையத்தை ஒட்டிய பக்கம். எழும்பூர், கீழ்ப்பாக்கம், கோயம்பேடு என்று மேற்கே போகும் பஸ்கள் எதிரே ஜி.எச். பக்கம். பெட்டியோடு தவறான பக்கத்தில் அரை மணி நேரம் நிற்பவர்கள் உண்டு. தட எண் சரியாக இருந்தாலும் அவர்கள் காத்திருப்பது திரும்பி வரும் பஸ்ஸுக்கு. மெட்ரோ பணி, சாலைப் பணி காரணமாக நிறுத்தங்களைக் கொஞ்சம் தள்ளி வைப்பதும் சகஜம், ஆகவே சென்னை ஒன் செயலியில் வண்டி வரும் இடத்தைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.

வெளியூர் பஸ் பிடிக்க வருகிறவர்கள் எந்த பஸ் நிலையம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான். சென்ட்ரலிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நம்பகமான வழி, பூங்காவில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகர பஸ். நேரே பஸ்ஸிலேயே போகலாம்தான். மாலை ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சென்ட்ரல் கூடத்திலிருந்து கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும் இடம் வரை இரண்டு மணி நேரம் கணக்கு வையுங்கள், பொங்கல், தீபாவளி முன்னிரவுகளில் மூன்று. ஆந்திரப் பக்கம் போகும் பஸ்கள் மாதவரத்திலிருந்து.

ஞாயிறு, நள்ளிரவு, மழை

மின்சார ரயில் அதிகாலை 4 மணியை ஒட்டித் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடிகிறது. மெட்ரோ காலை 5 முதல் இரவு 11 வரை. பறக்கும் ரயிலின் இடைவெளி தாம்பரம் வண்டிகளை விட எப்போதும் அதிகம், இரவில் சீக்கிரமே அடங்கிவிடும். இரவு பத்தரைக்கு மேல் சென்ட்ரலில் இறங்கி வேளச்சேரி போக வேண்டுமானால், அந்த நேரத்துக்கு வண்டி இருக்கிறதா என்று ரயிலில் வரும்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பூங்காவிலிருந்து கிண்டி வரை மின்சார ரயில், மீதிக்கு ஆட்டோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் பல மணி நேரம் வண்டிகளை ரத்து செய்வார்கள். முந்தைய நாளே நாளிதழிலும் தெற்கு ரயில்வேயின் சமூக ஊடகப் பக்கங்களிலும் அறிவிப்பு வந்துவிடும். அந்த நாளில் பூங்காவை மறந்துவிட்டு நீலத் தட மெட்ரோவில் கிண்டியோ விமான நிலையமோ போய், அங்கிருந்து பஸ் பிடியுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் சென்ட்ரலை முடக்குவது நிலையத்துக்குள் நிற்கும் தண்ணீர் அல்ல. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டால் மேற்குத் தடம் நின்றுபோகும். 2023 டிசம்பர் புயலில் அதுதான் நடந்தது. அப்போது விரைவு ரயில்களை ஆவடி, திருவள்ளூர், அரக்கோணத்தோடு நிறுத்திவிடுவார்கள், அல்லது அங்கிருந்து கிளப்புவார்கள். கனமழை நாளில் கோவை ரயிலுக்காக வேளச்சேரியிலிருந்து கிளம்பும் முன் 139-க்கு அழைத்தோ செயலியிலோ ரயில் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். புறப்படும் இடம் மாறியிருந்தால் குறுஞ்செய்தி வரும், ஆனால் முன்பதிவின்போது கொடுத்த எண்ணுக்குத்தான் வரும். டிக்கெட்டை முகவரோ நண்பரோ எடுத்துத் தந்திருந்தால் அந்தச் செய்தி அவர் செல்போனில் கிடக்கும். அவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.